மூன்று பொட்டு

அத்தியாயம் 14

அடித்தவன் மறந்துவிட்டான். அடி வாங்கியவனும் மறந்ததுபோலத்தான் நடந்துகொள்கிறான். நின்று பார்த்தவள் மட்டும் மறக்கவில்லை.

போன வாரம் சண்முகசுந்தரியை ஆறுமுகம் லேப்பின் மாடியில், பழைய சர்வர் பெட்டிக்கு முன்னால் விட்டுவிட்டு வந்தோம். எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த பெட்டி. அதைத் திறந்து, இரண்டு வருடத்துக்கு முன்பு செத்துப்போன இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்தவள், தனியாக நின்று சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று கேட்டு எழுதியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் அந்த அடியைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் மறைந்த ஆறுமுகச்சாமி தொடங்கிய ரத்தப் பரிசோதனை நிலையம் அது. அவர் மனைவி பிச்சம்மாள்தான் இப்போது முதலாளி. மூத்த மகன் வேல்ராஜ் வியாபாரத்தைப் பார்த்தான். இளையவன் கோமதிசங்கர் மெஷின்களைப் பார்த்தான். சண்முகசுந்தரி அவன் மனைவி. சென்னையில் வங்கிக் கம்பெனி ஒன்றின் டேட்டாபேஸைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவள், கல்யாணமான பிறகு வந்த முதல் பூஜை என்று லீவு போட்டு வந்திருந்தாள்.

பூஜையன்று எல்லா மெஷினையும் அணைத்துப் பொட்டு வைப்பார்கள். பெட்டிக்கு மேலே வைத்தால் பிச்சம்மாளுக்குப் போதாது. "பதினோரு வருசத்து ரிசல்ட்டும் எதுல இருக்கு? அதுக்கு வைக்கணும்" என்பாள். கோமதிசங்கர் இரண்டு டிஸ்க்கையும் உருவிக் கொடுப்பான். அவற்றின் வெள்ளை லேபிளில் சந்தனமும் குங்குமமும் ஏறும். ஈரத்துணி படக்கூடாது என்பதால் பழைய பொட்டை யாரும் துடைப்பதில்லை. அடுத்த வருடம் அதன் பக்கத்திலேயே அடுத்த பொட்டு.

அன்று பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டால் இரண்டு டிஸ்க்கும் எழுந்திருக்கவில்லை. பதினோரு வருடத்து ரிசல்ட் போனது. இளையரசனேந்தலிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் சீட்டோடு வந்து நின்றவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள். நான்கு டாக்டர்கள் அந்த வாரமே வேறு லேப்புக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

"போன தையிலதான் புதுசா ரெண்டு டிஸ்க் வாங்கிப் போட்டிருக்கு. ஒம்பது மாசம் ஆகல. நீ பிடுங்கிப் பிடுங்கித்தாம்ல கெடுத்திருக்க" என்று வேல்ராஜ் கத்தினான். கத்தியதோடு நிற்காமல், வேலைக்காரர்களும் நோயாளிகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கோமதிசங்கர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சொந்தத்தில் ஒரு கிழவி, "புது மருமக வந்த வருசமே இப்படி ஆயிட்டே" என்று இழுத்தாள். பிச்சம்மாள் அவளை அடக்கினாள். "மருமக கால் வச்ச நேரம்னு எவளும் வாயத் திறக்கக் கூடாது. கெடுத்தது என் மகன்" என்றாள். அன்றிலிருந்து கோமதிசங்கருக்குச் சாவி இல்லை, லேப்பின் பங்குதாரர் கூட்டத்தில் ஓட்டு இல்லை. அப்பா தொடங்கிய லேப்பிலேயே ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ராயகிரிக்கும் இளையரசனேந்தலுக்கும் பைக்கில் போய் ரத்தக் குப்பிகளைச் சேகரித்து வருகிறான்.

சுந்தரி சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தது மாமியாரைப் பார்த்துக்கொள்ள என்று ஊர் நினைத்தது. ஊர் நினைத்துவிட்டுப் போகட்டும். அவள் வந்தது வேல்ராஜை அதே வரவேற்பறையில், அதே ஆட்களுக்கு முன்னால் தலைகுனிய வைக்க.

இப்போது சிரிப்புக்கு வருவோம். அந்த டிஸ்க்குகளில் மூன்று பொட்டு இருந்தது. வருடத்துக்கு ஒன்று என்றால் மூன்று பூஜை பார்த்த டிஸ்க். ஒன்பது மாதம் முன்பு வாங்கிப் போட்ட புது டிஸ்க்கில் ஒரு பொட்டுதானே இருக்க வேண்டும்? அப்படியானால் புது டிஸ்க் அந்தப் பெட்டிக்குள் போகவே இல்லை. காகிதத்தில் மட்டும் வாங்கி, பழியைத் தம்பி தலையில் கட்டியிருக்கிறான் வேல்ராஜ். அவள் சிரித்ததில் தப்பே இல்லை.

*

புதன்கிழமை காலை. புது சர்வர் எது என்று முடிவு செய்யும் நாள்.

சுந்தரி பீரோவைத் திறந்து சேலை தேடினாள். மேல் தட்டில் அவளுடைய கூறைப்புடவை. அதற்குக் கீழே மஞ்சள் துணியில் இறுக்கி முடிந்த மூட்டை ஒன்று. கல்யாணத்திலிருந்து அங்கேயே கிடக்கிறது. தூக்கித் தூசி தட்டித் திரும்ப வைத்தாள், அரைச் செங்கல் கனம் இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்திருந்தால் அது நேர்ச்சை. நேர்ந்தவர் தவிர வேறு யாரும் அவிழ்க்க மாட்டார்கள். மாமியார் அம்மனுக்கு நேர்ந்த வெள்ளி நாகர் உரு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆடித்தபசுத் திருநாளும் போயிட்டு, இந்த நேர்ச்சை இன்னும் இங்கன கெடக்கு. அத்தைகிட்டச் சொல்லிக் கோயில்ல சேத்திருங்க" என்றாள்.

ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கோமதிசங்கரின் கை நின்றது. "கெடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

"இன்னைக்கு மத்தியானம் அந்த ஐஸ் பெட்டியை இறக்கி வைக்கப் போறிய. பதினோரு மணிக்கு லேப்ல இருங்க."

"சுந்தரி, இதை விட்டுரு. போனது போச்சு."

"உங்க கன்னத்துல விழுந்தது போயிருக்கும். நான் பாத்தது போகல."

"அண்ணன் மேல மட்டும் தப்புன்னு நினைக்காத. நான் ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட..."

"இன்னைக்கு உங்க அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசினியன்னா, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று சொல்லிக்கொண்டே அவள் பச்சைச் சேலையை உருவினாள். கல்யாணமான புதிதில் அவன் எடுத்துக்கொடுத்த சேலை. அவன் சொல்ல வந்ததை நிறுத்திவிட்டான், இரண்டு வருடமாக அதுதானே அவனுக்குப் பழக்கம்.

படியிறங்கும்போது செல்போன் அடித்தது. திருநெல்வேலியிலிருந்து முகம்மது ஆரிப். சர்வர் விற்கும் கடைக்காரர். இன்றைக்குப் பரிசோதனைக்கு மெஷின் கொண்டுவருகிறவரும் அவர்தான், முன்பு அந்த இரண்டு புது டிஸ்க்கை விற்றவரும் அவர்தான்.

"மேடம், நீங்க கேட்ட அந்தப் பழைய ரசீது கெடச்சுட்டு. டிஸ்க்கை வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட காப்பி."

"கொண்டாங்க பாய். எல்லார் முன்னாலயும் குடுங்க."

"அதை உங்ககிட்டத் தனியா காட்டிட்டா நல்லதுன்னு பாக்கேன்."

"தனியா எதுக்கு? அடி தனியாவா விழுந்துச்சு?"

"இல்ல மேடம், ஒரு நிமிசம் நீங்க அதைப் பாத்துட்டு..."

"பாய், உங்களுக்கு இந்த ஆர்டர் வேணுமா வேண்டாமா?"

"கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னார் ஆரிப்.

கோபத்தில் இருக்கிறவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது. நம் சுந்தரிக்கு அன்று அறவே கேட்கவில்லை.

*

பதினோரு மணிக்கு வரவேற்பறையில் மேசை மேல் இரண்டு மெஷின்கள் வேலை செய்துகொண்டிருந்தன. வேல்ராஜ் தேர்ந்தெடுத்தவை. சிநேகிதன் கடையில் சேர்த்துக் கட்டிய சாதாரணக் கம்ப்யூட்டர்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடும், அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவன் வாதம். இரண்டையும் மாடியில் கன்னி மூலையில், ஒரே யூபிஎஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று பிச்சம்மாளின் சம்மதத்தையும் வாங்கி வைத்திருந்தான்.

பிச்சம்மாள் நடு நாற்காலியில், இடுப்பில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள். லேப் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். அத்தனை பேரையும் சுந்தரிதான் வரச் சொல்லியிருந்தாள்.

"அத்தான், காலைல உங்க ரத்தம் எடுத்தாங்கல்லா? சர்க்கரை பாக்க?"

"எடுத்தாங்க. அதுக்கென்ன?" என்றான் வேல்ராஜ்.

"அதையே இதுல ஏத்திப் பாப்போம்."

இரண்டு மெஷினிலும் வேல்ராஜின் பெயர் வந்தது. சுந்தரி குனிந்து, இரண்டையும் இணைத்த வயரைப் பிடுங்கினாள். இந்த மெஷினில் ஒரு பெண் 96 என்று அடித்தாள். அந்த மெஷினில் இன்னொருத்தி 310 என்று அடித்தாள். இரண்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டன. சுந்தரி வயரைத் திரும்ப மாட்டினாள். இரண்டு திரையும் தன் கணக்கை விடுவதாக இல்லை.

"இதுல எது என் சுகர்?" என்றான் வேல்ராஜ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அதான் அத்தான் தெரியாது. வயர் அந்துபோனா ரெண்டும் 'அடுத்தவன் செத்துட்டான், இனி நான்தான் பெரியவன்'னு நினைச்சுக்கிடும். ரெண்டும் தனித்தனியா எழுதும். ராயகிரில ஒரு பிள்ளைத்தாச்சிக்கு ஒரு மெஷின் ஒரு ரத்த குரூப் சொல்லும், இன்னொண்ணு வேற சொல்லும். டாக்டர் எதை நம்பி ரத்தம் ஏத்துவாரு?"

சுவரோரம் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். வேல்ராஜின் காது சிவந்தது.

"உண்மையான அளவு என்னன்னு சொல்லேன்."

"எங்கிட்டச் சீட்டு இருக்கு. சாயங்காலம் தாரேன்" என்றாள். கேவலமான பழிதான். ஆனாலும் அவளுக்கு இனித்தது.

ஆரிப் தன் பெட்டிகளைத் திறந்தார். அவர் கொண்டுவந்தது மூன்று. இரண்டு பெரியது, ஒன்று சின்னது. சுந்தரி மூன்றையும் இணைத்துவிட்டு மறுபடியும் ஒரு வயரைப் பிடுங்கினாள். தனியாக மாட்டிக்கொண்ட மெஷின் உடனே எழுதுவதை நிறுத்தியது. மற்ற இரண்டும் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தன.

"மூணு இருந்தா, ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாத்தான் எழுதலாம். தனியா நிக்கிற ஆள் தானாவே வாயை மூடிக்கிடுவான்" என்றாள்.

பிச்சம்மாள் படிக்காதவள். ஆனால் விஷயம் அவளுக்கு உடனே பிடிபட்டது. "அப்ப அந்த மூணாவது ஆளு பெரிய ஆளா இருக்கணும்னு இல்ல, என்ன?"

"இல்ல அத்தை. சின்ன மெஷின் போதும். அது ஓட்டு மட்டும் போட்டாப் போதும்."

அடுத்து, வேல்ராஜின் மெஷினில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் பிளக்கை உருவினாள். திரும்ப எழுந்தபோது கடைசியாக எழுதிய மூன்று பேரின் ரிசல்ட் காணவில்லை. 'எழுதிவிட்டேன்' என்று சொன்னதெல்லாம் பொய். ஆரிப்பின் மெஷினில் முதல் பிளக்கை உருவினாள். இன்னொரு பிளக்கில் ஓடியது. அதையும் உருவினாள். எழுந்து வந்தபோது ஒரு வரிகூடக் குறையவில்லை.

"இந்த டிஸ்க்குல கொஞ்சம் சார்ஜ் நிக்கும்மா. கரண்ட் போனாலும் கையில இருக்கதை எழுதி முடிச்சிட்டுத்தான் படுக்கும்" என்று ஆரிப் பிச்சம்மாளுக்கு விளக்கினார். "மெமரியில ஒரு எழுத்துப் பிசகினாலும் அதுவே திருத்திக்கிடும். டிஸ்க்கையெல்லாம் வேற வேற லாட்டுல எடுத்திருக்கேன். ஒரே நாள்ல செஞ்சதுன்னா ஒரே நாள்ல போயிரும்."

"மூணும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது அத்தை" என்றாள் சுந்தரி. "ஒண்ணு இங்கன கன்னி மூலையிலேயே இருக்கட்டும். ஒண்ணு நம்ம வீட்டுல. சின்னது ராயகிரியில நாம ரத்தம் எடுக்கிற சென்டர்ல."

பிச்சம்மாள் தலையாட்டினாள். கன்னி மூலை தப்பியதில் அவளுக்கு நிம்மதி.

"சரி, மூணையே வாங்குவோம். நல்லாத்தான் காட்டின" என்று வேல்ராஜ் எழுந்தான். தோற்றவன் அவ்வளவு லேசாக எழுந்து போவதா? சுந்தரிக்கு அது பொறுக்கவில்லை.

"உக்காருங்க அத்தான். இன்னும் முடியல. மெஷினுக்கு மூணு ஓட்டு வேணும்னு ஒத்துக்கிட்டிய. நம்ம லேப்லயும் மூணு ஓட்டு இருந்துச்சு. அதுல ஒண்ணைப் பிடுங்கி ரெண்டு வருசமா பைக்குல ஏத்தி விட்டிருக்கு."

அப்போதுதான் கோமதிசங்கர் வாசலில் வந்து நின்றான். தோளில் ஐஸ் பெட்டி. சட்டை முழுக்கப் புழுதி.

சுந்தரி பையிலிருந்து இரண்டு பழைய டிஸ்க்கையும் எடுத்து மாமியாரின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யாரு வச்ச பொட்டு அத்தை?"

பிச்சம்மாள் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "நான் வச்சதுதான். இது என் விரலு."

"எத்தனை இருக்கு?"

"மூணு."

"தையில வாங்கின புது டிஸ்க்குல, ஐப்பசிக்குள்ள மூணு ஆயுத பூஜை வந்துச்சா?"

பிச்சம்மாளின் முகம் மாறியது. டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூத்த மகனைப் பார்த்தாள். இந்தப் பார்வைக்காகத்தான் சுந்தரி இரண்டு வருடம் இந்த ஊரில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப புது டிஸ்க்கை மாட்டவே இல்லையா?" என்றான் வேல்ராஜ். உண்மையிலேயே திகைத்தவன்போலத்தான் கேட்டான். என்னமா நடிக்கிறான் என்று அவளுக்கு எரிந்தது.

"அதை நீங்கதான் சொல்லணும் அத்தான். ஆர்டர் போட்டது நீங்க."

"ஆர்டர் போட்டேன். மாட்டியாச்சுன்னுதான் நினைச்சேன். நான் என்னத்தக் கண்டேன் அந்த மெஷினைப் பத்தி?"

"அப்படியா? அப்ப வாங்கினது யாருன்னு பாத்திருவோம். பாய்கிட்டக் கையெழுத்துப் போட்ட ரசீது இருக்கு." அவள் மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள். "அத்தை, முன்கூட்டியே ஒண்ணு பேசிக்கிடுவோம். அந்தக் கையெழுத்து யாரோட இருந்தாலும் சரி. டிஸ்க்கை வாங்கி வச்சுக்கிட்டு, மாட்டாம, எல்லாரையும் ஏமாத்தின ஆளுக்கு இனி இந்த லேப்ல சாவி கிடையாது. ஓட்டு கிடையாது. இவிய ரெண்டு வருசம் சுமந்த அந்த ஐஸ் பெட்டியை அந்த ஆள்தான் இனிமே சுமக்கணும். சரியா?"

"சரி" என்றான் வேல்ராஜ் உடனே.

அவன் கொஞ்சமும் யோசிக்காமல் சரி என்றது அவளை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

"நியாயந்தான். சரி" என்றாள் பிச்சம்மாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எவனா இருந்தாலும் சரி."

"குடுங்க பாய்" என்று சுந்தரி கையை நீட்டினாள்.

ஆரிப் எழுந்திருக்கவில்லை. "வேண்டாம் மேடம். இதுல ஒண்ணும்..."

"குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுந்தரி பிரித்தாள்.

டிஸ்க் இரண்டு. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். தேதி ஜனவரி ஐந்து. கீழே லேப் முத்திரை. அதன் மேல் நீலமையில் ஒரு கையெழுத்து. 'சங்கர்' என்பதன் கடைசி எழுத்தை மேலே தூக்கிச் சுழித்த கையெழுத்து. கல்யாணப் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே கையெழுத்து.

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். எழுத்து மாறவில்லை.

ஜனவரி ஐந்து. மார்கழி. அந்த வீட்டில் மார்கழியில் ஒரு புதுப் பொருளை எடுத்து மாட்ட முடியாது. ஒரு பல்பு வாங்கினால்கூட, "தை பொறக்கட்டும், மஞ்சத்துணியில கட்டி வை" என்பாள் பிச்சம்மாள். கட்டி வைத்திருக்கிறான். தை பிறந்தது. தையில் என்ன நடந்தது?

தையில் அவர்கள் கல்யாணம். பந்தக்கால், முகூர்த்தம், மறுவீடு. லேப் பக்கமே போகாமல் மாப்பிள்ளை இருபது நாள் அவள் பின்னாலேயே சுற்றினான். அவளைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டு வந்த பிறகும் மூன்று மாதம் செல்போனும் கையுமாகத் திரிந்தான். டிஸ்க்கைக் கட்டிப் பூஜையறையில் வைத்த மஞ்சள் மூட்டையைக் கல்யாணச் சாமான்களோடு யாரோ எடுத்து அவர்கள் பீரோவில் வைத்திருக்கிறார்கள். கூறைப்புடவைக்குக் கீழே. இன்று காலையில் அவள் கையால் தூக்கி, தூசி தட்டி, திரும்ப வைத்த மூட்டை.

அவன் மறந்துவிட்டான். சந்தோஷத்தில் மறந்துவிட்டான். அதைச் சொல்லியிருந்தால், 'மருமகள் வந்த மயக்கத்தில் லேப்பைக் கெடுத்தான்' என்று ஊரே அவளைத்தான் பேசியிருக்கும். புது மருமகள் வந்த வருடம் என்று அந்தக் கிழவி இழுத்தபோது அவன் அங்கேயேதான் நின்றான். அதனால்தான் அடி வாங்கிய பிறகும் சும்மா இருந்தான்.

சுந்தரி தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். கோமதிசங்கர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. 'சொல்ல வந்தேனே' என்ற வருத்தம்கூட இல்லை. இன்று மத்தியானம் இறக்கி வைக்கலாம் என்று அவள் சொன்னாளே, அந்த ஐஸ் பெட்டியின் வாரை ஒரு கை பிடித்திருந்தது.

"வாசிம்மா. யாரு கையெழுத்து?" என்றான் வேல்ராஜ்.

வேல்ராஜ் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் அந்தப் பெயர்தான் இரண்டு வருடமாக இருக்கிறது. காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளலாம். ஆரிப் காட்டிக்கொடுக்க மாட்டார், அவர் இன்னும் தலையைத் தூக்கவில்லை. ஆனால் எதிரே வேல்ராஜின் முகம் இருந்தது. அடித்தவன்தான், முரடன்தான், மன்னிப்புக் கேட்காதவன்தான். இந்தத் தப்பை மட்டும் செய்யாதவன். செய்யாத தப்புக்கு ஒருவனை எல்லோர் முன்னாலும் அடித்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்ததால்தானே இத்தனையும்.

"சொல்லுட்டி. எவன் கையெழுத்து?" என்றாள் பிச்சம்மாள்.

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சுந்தரி 'அவிய' என்றுதான் சொல்லியிருக்கிறாள், 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மாமியார் முன்னால் புருஷன் பெயர் அவள் வாயில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"கோமதிசங்கர்" என்றாள்.

வேல்ராஜ் தம்பியைப் பார்த்தான், பிறகு தன் வலது கையைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பிச்சம்மாள் மேசைமேலிருந்த சாவிக்கொத்தை மெதுவாக எடுத்துத் திரும்ப இடுப்பில் செருகினாள்.

"ஏல சங்கரு, வாங்கி வச்சவன் ஏம்ல மாட்டல? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

கோமதிசங்கர் சரிந்திருந்த ஐஸ் பெட்டியின் வாரைத் தோளில் ஏற்றிச் சரிசெய்துகொண்டான். மேலநீலிதநல்லூர்க் குப்பிகள் இன்னும் எடுக்காமல் இருந்தன. அவன் படியிறங்கினான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த இன்னொருத்தி, பச்சைச் சேலையில், கையில் ரசீதோடு நின்றுகொண்டிருந்தாள். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"அத்தை, நான் சொல்லுதேன்" என்றாள் சுந்தரி.